ஐந்தாவது ‘ஏன்’

பல்கலைக்கழகம் முடித்த கையோடு, வட ஜப்பானின் இவாத்தே மாநிலத்தில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில், தொழிலாளர்களுக்கு வகுப்பெடுக்கும் வேலையில் சேர்ந்தேன். எங்கள் மலைக்கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் நாள் காலை, நிறுவனரின் கொள்கைகளை எல்லோரும் வரிசையாக நின்று உரக்கச் சொல்லும்போது எனக்கு நடுவில் ஒரு வரி விட்டுப்போனது. பின்னாலிருந்து ஒருவர் அதை மெல்ல எடுத்துக்கொடுத்தார். அவர்தான் குஜிராய். வயது ஐம்பத்தொன்று, பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அந்த வருடம் அவரை நிரந்தரமாக்கப் பரிந்துரைத்திருந்தார்கள். வயது வரம்பு ஐம்பத்திரண்டு. அதுதான் கடைசி வாய்ப்பு.

ஒரு பிழை வந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது என்று வகுப்பில் கற்பித்தேன்.

“வாத்தியாரே, அஞ்சாவது ஏன் பெரிய தலை மேல போய் விழுந்தாலுமா?” என்றார் குஜிராய். வகுப்பு சிரித்தது. ஆளைப் பார்க்காதே, காரணத்தைப் பார் என்று கொள்கைப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஒரு நாள், திருகு மரை சரியில்லை என்று, பிழை கண்டால் யாரும் இழுக்கலாம் என்று தலைக்கு மேல் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தினார். பிரிவுத் தலைவர் ஓனோதேரா வந்து, கயிற்றை இழுத்தவருக்கு விதிப்படி குனிந்து நன்றி சொல்லிவிட்டு, எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். மரை ஏன் கெட்டது? கருவி தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? அந்த இடத்தில் யாராவது ‘என் கவனக்குறைவு’ என்று குனிவதும், கூட்டம் கலைவதும் வழக்கம். அன்றும் ஒருவர் குனிந்தார்.

“இன்னும் ரெண்டு ஏன் பாக்கி இருக்கு தலைவரே,” என்றார் குஜிராய். “மாத்துற தேதியே இன்னும் வரல. ஏன்னா ஜூலையில தள்ளி வெச்சாங்க. ஏன் தள்ளி வெச்சாங்கன்னா, செலவு குறைஞ்சதாக் காட்ட நீங்க கையெழுத்துப் போட்டீங்க.”

பரீட்சையில் பதில் சொல்வதுபோல்தான் சொன்னார். ஓனோதேரா இன்னொரு முறை குனிந்து நன்றி சொன்னார்.

நிரந்தரமாக்குவதற்கு வகுப்பெடுத்தவரின் மதிப்பெண்ணும் வேண்டும் என்பதால், மறுவாரம் குஜிராயின் மதிப்பீட்டுத் தாள் என்னிடம் வந்தது. ஓனோதேரா என் மேசையருகே நின்று, ஊரில் என் அப்பா இன்னும் வயலுக்குப் போகிறாரா என்று விசாரித்தார். பிறகு, ‘இணக்கம்’ என்ற கட்டத்தில் விரலை வைத்து, “இதை மட்டும் யோசிச்சுப் போடுங்க,” என்றார். ஐந்துக்கு ஒன்று போட்டேன்.

நிரந்தரம் இல்லை என்று தெரிந்ததும் குஜிராய் தொழிற்சங்கத்துக்குப் போனார். செயலாளர் தேநீர் கொடுத்தாராம். “சங்கமும் நிர்வாகமும் ஒரே குடும்பம். ஒப்பந்தத்துல வந்த நீங்க விருந்தாளிதானே,” என்றாராம்.

அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார். “வாத்தியாரே, வகுப்புல நான் எதையாச்சும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?”

இல்லை என்றேன். மதிப்பெண் போட்டது யார் என்று சொல்லவில்லை.

மார்ச்சில் அவர் ஒப்பந்தம் முடிந்தது. இப்போது கிதாகாமி நகரில் ஒரு பேரங்காடியின் வாசலில் கார்களுக்குக் கொடி காட்டுகிறார். நான் பயிற்சிப் பிரிவின் துணைத் தலைவர்.