கஞ்சி படிந்த தெரு

எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டு சாலையில் ஒரு லாரி ஷெட்டில் எனக்கு வாட்டர் சர்வீஸ் வேலை. பம்ப் ஓட, தண்ணீர் பீய்ச்சும் கன்னைப் பிடித்து அழுத்தினால் சக்கரத்தில் ஒரு மாதமாகக் காய்ந்த சேறும் பொலபொலவென்று உதிரும். அந்தக் கன்னை என்னைப்போல் பிடிக்கக் காஞ்சிபுரத்தில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

வெட்கம் என் மாமனாருக்குத்தான். அவர் பட்டு நெய்கிறவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மோட்டார் கம்பெனில இருக்காரு" என்று பேச்சை மாற்றிவிடுவார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

அவர் தெரு கருங்கல் பதித்தது. விடியற்காலையில், தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். சொட்டிய கஞ்சி வருஷக்கணக்கில் கல்லில் படிந்து, அதன்மேல் பாசியும் பிடித்திருந்தது. ஐப்பசி மழையில் என் மாமியார் குடத்தோடு வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

"நான் கழுவுறேன்" என்றேன். என் வேலை தெருவுக்கே தெரிந்துவிடுமே என்ற பயம் மாமனார் முகத்தில் தெரிந்தது.

ஷெட் முதலாளி ஒரு பாய். "ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு போ. திங்கக்கெழம பம்ப் இங்க இருக்கணும்பா" என்றார். மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, தெருக்கிணற்றில் குழாயை இறக்கினேன். தெருவே வேடிக்கை பார்க்க வந்தது.

முதல் அழுத்திலேயே மானம் போயிற்று. கஞ்சி அசையவில்லை, சேறு மட்டும் தெறித்து எதிர்வீட்டு வெள்ளைச் சுவரெல்லாம் புள்ளி. "கல்லக் கழுவ வந்தியா, செவுத்துக்குக் கலர் அடிக்க வந்தியாபா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே புத்தியும் வந்தது. இது லாரிச் சேறு இல்லை, அரிசிக் கஞ்சி. அடிப்பிடித்த சோற்றுப் பானையை ஊறவைக்காமல் யாராவது தேய்ப்பார்களா? கோணிகளை விரித்துத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு மணி நேரம் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு கன்னைத் தாழச் சாய்த்துப் பிடித்தேன். கஞ்சி ஆடை ஆடையாகச் சுருண்டு சாக்கடைக்கு ஓடியது. சாயங்காலத்துக்குள் கடைசிக் கல்வரை முடித்து, எதிர்வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்துக்கொடுத்தேன்.

மறுநாள் காலை பாவு விரித்தார்கள். மாமனார் வெறுங்காலோடு, கஞ்சிச் சட்டியை ஏந்தி, ஈரக் கல்மேல் விறுவிறுவென்று நடந்தார். பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர் நின்று, "யாருபா கழுவுனது? எங்க தெருவுக்கும் வருவாரா?" என்று கேட்டார்.

நான் பம்ப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் கேட்கும்படி, தெருவுக்கே கேட்கும்படி மாமனார் சொன்னார்:

"எங்க மாப்பிள்ளதாம்பா. லாரி கழுவுறாரு."