மேஸ்திரியைப் பார்க்க வந்தவர்கள்

உஸ்மான் கனி பாயைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற சந்தில், பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிற கடை அவருடையது. கடைக்குப் பின்பக்கமே வீடு. எதிரில் இருக்கும் ரேகா மெடிக்கல்ஸ் என்னுடையது. கடை திறந்த நாளிலிருந்து அவர் போடும் சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் நான் மாத்திரை நறுக்கிக் கொடுக்கிறேன்.

கெட்ட மனிதர் இல்லை. தையல் அவ்வளவு நேர்த்தி. சென்னீர்குப்பத்திலிருந்தெல்லாம் வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். ஆனால் வாங்க வந்தவரிடம், "ஒரு பக்கமா சாஞ்சு குந்தினா எந்த சீட்டுதான் தாங்கும், மொதல்ல உன் இடுப்ப நேராக்கிகினு வா" என்பார். கன்னியம்மாளின் மாடு அவர் கடை ரெக்சினை மென்றுவிட்டது என்று அந்த அம்மாளோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். இந்தத் தெரு வயலாக இருந்த காலத்திலிருந்தே இங்கே இருக்கிற குடும்பம் கன்னியம்மாளுடையது. இப்போது வயல் போய், இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றுகிறார். ஆட்டோ ஓட்டுகிற திருமுருகனிடம் பாய்க்கு என்ன கோபம் என்று இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது, கோபம் மட்டும் இருந்தது.

போன வருஷம் பாய்க்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் போய்ப் பார்ப்பது கட்டாயம். வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அதைவிடக் கட்டாயம். பன்னோ, சாத்துக்குடியோ, ஹார்லிக்ஸ் பாட்டிலோ கையில் இருக்க வேண்டும். கொடுத்ததில் ஒரு வாயாவது நோயாளி நம் கண் முன்னால் சாப்பிட வேண்டும், அப்போதுதான் போய்ப் பார்த்ததாகக் கணக்கு. பாயின் மனைவி ஜரினா அக்கா கூடத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, டீக்கு நல்ல கப்புகளை எடுத்துக் கழுவி வைத்தார். ஒருவரும் வரவில்லை. நான் கட்டுப் பிரித்துக் கட்டப் போனேன், ஆனால் அது வேலையாகப் போனது, அக்கா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாய் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்துவிட்டார். எவனும் வராததே நல்லது, நிம்மதியாகத் தூங்கினேன் என்று பாய் சொல்லிக்கொண்டு திரிந்தார். தூக்க மாத்திரை கேட்டு என் கடைக்கு ஆள் அனுப்பியதை மறந்துவிட்டார் போல.

அந்த வீட்டில் ஒரு பூனை உண்டு. பெயர் மேஸ்திரி. செம்பட்டை நிறம், கனத்த உடம்பு. பாய் தைத்து முடித்த சீட்டின் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்து பார்க்கும். உட்கார்ந்தால் வேலை தேறியது என்று அர்த்தம். உட்காராமல் இறங்கிவிட்டால் பாய் பிரித்துத் திரும்பத் தைப்பார். உலகத்தில் அவர் எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் அதுதான்.

ஒரு நாள் தைத்து வைத்திருந்த புல்லட் சீட்டில் எறும்பு மொய்த்துவிட்டது. வண்டிக்காரன் ஜெகதீஷ் கத்த, பாய் பதிலுக்கு நீதான் சீட்டில் உட்கார்ந்து மிட்டாய் தின்றிருப்பாய் என்று கத்த, தெருவே கூடிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். மேஸ்திரி அதன் மேல் ஒன்றுக்குப் போயிருந்தது. அது குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கிறது, எலும்பாய் இளைத்துக்கொண்டும் வருகிறது என்று ஜரினா அக்கா அப்போதுதான் சொன்னார். சுகர்தான் இருக்கும் என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். என் வாயில் சனி இருந்திருக்கிறது.

அம்பத்தூரில் பூனை நாய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற டாக்டர் லாவண்யாவிடம் கொண்டு போனார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. காலையும் மாலையும் இன்சுலின், சாப்பாட்டுக்கு வேகவைத்த கோழி, முட்டை, மீன், வேறு ஒன்றும் கூடாது என்றார். பின்னங்கால் நரம்பு ஏற்கெனவே சோர்ந்திருந்தது. மேஸ்திரி குதிகாலைத் தரையில் பதித்து வாத்து மாதிரி நடந்தது. சர்க்கரை இறங்கினால் கால் திரும்பிவிடும், இறங்காவிட்டால் கால் போகும், பிறகு பூனையும் போகும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லி அனுப்பினார். அன்று பாய் கடையைத் திறக்கவில்லை.

ஊசி போட நான்தான் கற்றுக்கொடுத்தேன். காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மிஷினில் பார்க்கவும் கற்றுக்கொடுத்தேன். ரெக்சினில் கோணி ஊசியை ஏற்றுகிற கை, பூனையின் தோலைப் பிடித்ததும் குத்தாமல் திரும்பத் திரும்பப் பின்வாங்கியது. எனக்கே பாவமாக இருந்தது.

சேதி தெருவில் பரவியது. முதலில் வந்தவர் கன்னியம்மாள். மாடு விஷயமெல்லாம் அந்தப் பக்கம் இருக்கட்டும், வாயில்லாத ஜீவன் படுத்துவிட்டது, எப்படிப் போகாமல் இருப்பது என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கையில் பன், இன்னொரு கையில் சொம்பு நிறையப் பால். ஜரினா அக்கா மூலையில் இருந்து ஒரு நாற்காலியை உருவிப் போட்டார். மறுநாள் திருமுருகன் பால்கோவாவோடு வந்தான், பூனைக்குப் பால் பிடிக்கும்தானே என்று. சீட்டில் எறும்பு கண்ட ஜெகதீஷே ஹார்லிக்ஸ் வாங்கி வந்தான். பூனைக்கு ஹார்லிக்ஸ். கட்டிலில் தலையணை போட்டு மேஸ்திரியைப் படுக்க வைத்திருப்பார்கள். வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து, "இன்னா மேஸ்திரி, தேவலையா கீதா?" என்று விசாரித்துவிட்டு, தங்கள் தங்கள் சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டை என்று ஆளுக்கொரு வைத்தியம். பாயும் நடுவில் உட்கார்ந்து பேசினார். சிரித்தார்கூட. அவருக்குப் பல் அவ்வளவு வரிசையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. டாக்டர் மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தார். நானூறு, நானூறுக்கு மேல், மறுபடி நானூறு. வெளியில் எங்காவது சாப்பிடுகிறதா என்று கேட்டார். கோழியைத் தவிர வேறு ஒன்றையும் என் கையால் கொடுப்பதில்லை என்று பாய் சத்தியம் செய்தார். அது முழு உண்மை. அம்பத்தூரிலிருந்து திரும்பியவர் அதே கோபத்தில் நேரே என் கடைக்கு வந்தார்.

"இன்னாமா ரேகா, டூப்ளிகேட் மருந்து விக்கிறியா? நானும் வேளா வேளைக்குக் குத்திகினுதான் கீறேன், ஒரு புள்ளி எறங்கல."

எனக்கு வந்ததே ஆத்திரம். ஐஸ் பெட்டியில் வைத்து, தேதி பார்த்து, குழந்தைக்கு மாதிரி எடுத்துக் கொடுக்கிறேன், என்னைப் பார்த்து டூப்ளிகேட்டா? கடையை அப்படியே விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மருந்தை எங்கே வைக்கிறார்கள், எப்படிக் குத்துகிறார்கள் என்று என் கண்ணால் பார்த்துவிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் போனேன். கூடத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். கன்னியம்மாள் பன்னைப் பாலில் பிய்த்துப் போட்டு மேஸ்திரிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஆள் ஜிலேபியோடு முறைக்குக் காத்திருந்தார்.

இது என்ன கூத்து என்று பாயிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. அது சாப்பாடு இல்லையே, பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தது ஆயிற்றே என்றார். சாப்பாடு வேறு, பார்க்க வந்தவர்கள் கொடுப்பது வேறு. இந்தக் கணக்கை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? எல்லாரும் போன பிறகு நான் தொண்டை வறளக் கத்தினேன். இதையெல்லாம் இன்றோடு நிறுத்தாவிட்டால் பூனையைப் புதைக்கக் குழி வெட்டுங்கள் என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் பேசினார்.

"அவுரு படுத்துகினு கெடந்தப்போ நாலு சேர் போட்டு வெச்சேன் ரேகா, உனக்குத் தெரியும். இப்போ சேர் பத்தாம பக்கத்து ஊட்ல வாங்கியாறேன். இத நான் எந்த வாயால வேணாம்னு சொல்லுவேன்?"

கையில் கொண்டு வந்ததை வேண்டாம் என்றால் அவமானம், கொண்டு வராதே என்றால் வராதே என்றே அர்த்தம். பூனை பிழைக்க வேண்டுமானால் வீடு பழையபடி காலியாக வேண்டும். டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதெல்லாம் நிற்கிற அன்றே மருந்தையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை அடியோடு இறங்கி அதுவும் ஆபத்து என்று அளவை மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நான் கடைக்கு வந்தபோது பாயின் கடை பூட்டியிருந்தது. உள்ளே போனால், மேஸ்திரி படுக்கும் கட்டிலில் பாய் படுத்திருந்தார். அதே தலையணை. மேஸ்திரியைக் கடைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். உடம்பில் சத்தே இல்லை, நின்றால் கிறுகிறுக்கிறது என்று பலமான குரலில் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

திட்டம் அவ்வளவுதான். பூனைக்குப் பதில் அவர். வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். ஆனால் கையில்தான் பன் இருக்கிறதே, யாருக்காவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? கொடுத்தார்கள். அவர் அவர்கள் கண் முன்னால் சாப்பிட்டார். சத்தில்லை என்று கேள்விப்பட்டதும் பேரீச்சம்பழம், அல்வா, பாதாம் பால் என்று கவனிப்பு பலமானது. வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்கு வேகமாக நடந்து போனதைத் தெருவே பார்த்தது. எழுந்திருக்க முடியாத நிலையிலும் தொழுகையை விடவில்லையே என்று மெச்சினார்கள். அன்று பள்ளிவாசலில் இருந்து திரும்பியவர் முகம் செத்துப் போயிருந்தது. பொய்யை எத்தனை நாள்தான் தின்பது என்று என்னிடம் முனகினார். பூனைக்காகத்தானே பாய், விடுங்க என்றேன்.

மேஸ்திரியின் சர்க்கரை இறங்கியது. முன்னூறு, பிறகு இருநூறு, பிறகு நூற்றைம்பதுக்குப் பக்கத்திலேயே நின்றது. குதிகால் மெல்லத் தரையைவிட்டு எழுந்தது. ஒரு நாள் பாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல்லட் சீட்டில் ஒரே தாவாகத் தாவி, ஒரு சுற்றுச் சுற்றி, உட்கார்ந்துகொண்டது. பாய் தையல் ஊசியைக் கீழே போட்டுவிட்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், சொல்வதற்கென்ன.

அந்தச் சந்தோஷத்தில் என் கடைக்கு வந்தவர் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்தபோதே அவருடைய சர்க்கரை எல்லையில்தான் நின்றது. விரலை நீட்டச் சொன்னேன். பழக்கத்தில் காதைக் காட்டினார். மிஷின் முன்னூற்றுச் சொச்சம் காட்டியது.

நான் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. அறிவு இருக்கிறதா, பூனையின் வியாதியை வாங்கிக்கொள்ள நீங்கள் என்ன சாமியாரா என்றெல்லாம் கேட்டேன். பாய் ஒரு பெருமூச்சு விட்டார், சுமை இறக்கி வைத்த மாதிரி.

"பொய் சொல்லி அல்லாரையும் வர வெச்சுகினு கீறேனேன்னு மனசு உறுத்திகினே இருந்துச்சு ரேகா. இப்போ நெசமாயிடுச்சு இல்ல?"

பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரை எழுதினார்கள், இனிப்பு என்று மூச்சுவிடக் கூடாது என்றார்கள். நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இனிமேல் அந்த வீட்டுக்கு யாரும் எதுவும் கொண்டு போகக் கூடாது, ஒரு சாத்துக்குடிகூடக் கூடாது என்று. எல்லாரும் சரி என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது?

ஒருவரும் போகவில்லை. ஜரினா அக்கா பக்கத்து வீட்டு நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொந்த நாற்காலிகள் நாலும் கூடத்தில் அப்படியே கிடந்தன. ஒவ்வொரு தடவை நான் எட்டிப் பார்க்கும்போதும் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாய் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இந்தத் தடவை நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு என் வாயின் மேலேயே கோபமாக வந்தது.

நான் மாத்திரை கொடுக்கப் போயிருந்த ஒரு சாயங்காலம் கன்னியம்மாள் வந்தார். வாசலில் நின்று உள்ளே வரத் தயங்கினார். பிறகு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை, மடியில் வைத்தார், எடுத்தார், முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். மேஸ்திரி வந்து அவர் காலை மோந்துவிட்டு, கிடைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அங்கேயே படுத்துக்கொண்டது. பாய் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா கன்னிமா, வெறுங்கையோட வந்துகீறே?"

"உன்னப் பாக்கத்தான் பாய் வந்தேன்."

பாய் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர், மாடு மென்ற ரெக்சினையாவது இழுப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஜரினா அக்கா அடுப்படிக்குப் போய் நல்ல கப்புகளை எடுத்தார். சர்க்கரை போடாத டீ, வாயில் வைக்க முடியவில்லை, நாலு பேரும் குடித்தோம்.