மெகாவாட் முத்துராணி

"சிறுசேரியில இன்னொன்னு ஆரம்பிச்சிட்டான் அண்ணாச்சி. இதும் நாப்பது மெகாவாட்டு" என்கிறார் முத்துராணி, ஸ்கூட்டியை விட்டு இறங்காமலே, கைப்பேசியைப் பார்த்தபடி. தச்சநல்லூர் டீக்கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே டீயை ஆற்றுகிறார். காலை ஆறரை மணிக்கு இது தினமும் நடப்பது. சென்னையில் எங்கே புதிய டேட்டா சென்டர் எழும்புகிறது, அதில் எந்த வெளிநாட்டுக்காரன் எத்தனை கோடி போடுகிறான் என்பதெல்லாம் அம்பத்தூர்க்காரர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, இங்கே டீ குடிக்க வருகிறவர்களுக்குத் தெரியும்.

முத்துராணிக்கு ஐம்பத்திரண்டு வயது. தொழில் நிலத் தரகு. முதலில் வீடு வீடாகச் சேலை விற்றவர். சேலையைப் புரட்டிக்கொண்டே பெண்கள் குடும்பக் கதை பேசுவார்கள். யார் வீட்டில் பாகம் பிரிக்கப் போகிறார்கள், யார் வயலை விற்கப் போகிறார்கள் என்று காதில் விழும். சேலையை விட இது லாபம் என்று புரிய அதிக நாள் ஆகவில்லை. ஜவுளிக்கடைப் பை மட்டும் இன்னும் கையில் இருக்கிறது. உள்ளே சேலைக்குப் பதில் பட்டா நகல்.

டேட்டா சென்டரை அவர் 'கம்ப்யூட்டர் குடோன்' என்பார். அது இழுக்கும் கரண்டை வைத்து மெகாவாட்டில்தான் அளவு சொல்வார். "ஒங்க கல்யாண வீடியோவெல்லாம் எங்கன கெடக்குன்னு நெனைக்கீங்க? ஆகாசத்துலயா? அம்பத்தூருல ஏசியப் போட்டுப் படுத்துக் கெடக்கு." கடலுக்கடியில் வரும் கேபிள் சென்னையில் கரையேறுவதால் முதலில் எல்லாக் கம்பெனிக்காரர்களும் அங்கே போனார்கள், ஏஐ வந்தபிறகு அவர்களின் பசி அடங்கவில்லை, ஐந்து வருடத்தில் குடோன்கள் மூன்று மடங்காகிவிட்டன, இனி அங்கே இடமும் மலிவில்லை, கரண்டும் லேசில் கிடைக்காது, ஆகவே சின்னதாக ஒன்றிரண்டு தெற்கேயும் வந்தே தீரும் என்பது அவர் கணக்கு. நான் சரிபார்க்கவில்லை. அவர் சொல்லும் வேகத்தில் சரிபார்க்கத் தோன்றுவதும் இல்லை.

"மூணே மூணுதான் கேப்பான். கரண்டு இருக்கா, கேபிள் இருக்கா, தண்ணி இருக்கா. அந்தத் தண்ணியிலதான் சூதானமா இருக்கணும். குழாயில வரணும்பான், வாசல் வழியா வரப்படாதும்பான்."

தொழில் தந்திரங்களை மறைப்பதில்லை. வாங்க வருகிறவரை நல்ல ரோடு வழியாக நிலத்துக்குக் கூட்டிப்போவார், குண்டும் குழியுமான ரோடு வழியாகத் திருப்பி அழைத்து வருவார். "மொதல்ல மனசுக்குப் புடிக்கட்டும். குத்தம் பைய தெரியட்டும்." பொய் சொல்வீர்களா என்று கேட்டேன். "கேக்காததச் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஹெப்சிபா டீச்சரைப் பற்றி அப்போதுதான் சொன்னார்.

டீச்சருக்கு ஓடையோரம் ஐந்து சென்ட் முடித்துக் கொடுத்தவர் இவர். ஓடை இருக்கிறதே என்று டீச்சர் தயங்கியபோது, "அது மழைக்கே நனையாத ஓடை டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டு பீரோவின் இரண்டாம் தட்டுவரை தண்ணீர் நின்றது. டீச்சர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் கேக் கொடுத்தனுப்பினார். "நாலு வார்த்த வஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார் முத்துராணி. அந்தக் கேக்கை அவரால் சாப்பிட முடியவில்லையாம்.

இப்போது அவர் கையில் இருப்பது பன்னிரண்டு ஏக்கர். குளத்துக்குக் கீழே தரிசாகக் கிடக்கிறது. ஒன்பது குடும்பத்தின் சொத்து. அதில் அறுபது சென்ட் முத்துராணியுடையது. இருக்கும் வீட்டை விட்டால் அவருக்கென்று உள்ளது அதுதான். பதினான்கு மாதம் போனில் பேசிப் பேசி ஒரு சென்னை நிறுவனத்தைப் பத்து மெகாவாட்டுக்குச் சம்மதிக்க வைத்திருந்தார். மதுரைப் பக்கம் ஓர் இடமும் அவர்கள் பட்டியலில் இருந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக வந்த அன்று நானும் உடனிருந்தேன்.

வெள்ளத்தன்று குளத்தங்கரை உடைந்து தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் பாய்ந்தது. பம்ப்செட் அறைச் சுவரில் அது நின்ற மட்டம் கோடாகப் பதிந்திருந்தது. முந்தின நாள் ஒன்பது குடும்பமும் சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். கார் வருவதற்கு முன் முத்துராணியின் அண்ணன் பிச்சைக்கண்ணு அவரைத் தனியே அழைத்தார். "ஏட்டி, கேட்டா கரண்டைக்காலுதான்னு சொல்லு. ஒம்பது குடும்பத்து வாயில மண்ணள்ளிப் போட்டுராத." முத்துராணி பையைக் கைமாற்றிக்கொண்டார்.

வந்தவர் விஜயஸ்ரீ என்ற இளம் பொறியாளர். மண்ணைப் பார்த்தார், மின்கம்பிகளைப் பார்த்தார், படம் எடுத்தார். எல்லாம் பிடித்திருந்ததாகவே தெரிந்தது. புறப்படும் முன் கேட்டார்: "இருபத்து மூணு வெள்ளத்துல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?"

"கரண்டைக்காலு அளவுதான் தாயி" என்று குனிந்து கணுக்காலைத் தொட்டுக் காட்டினார் பிச்சைக்கண்ணு. மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

"நீங்க சொல்லுங்க மேடம். இவ்வளவு நாளா உங்களை நம்பித்தான் பேசிட்டு இருக்கோம்."

"சென்னையில இப்போ..." என்று முத்துராணி தொடங்கினார். சிறுசேரியும் அம்பத்தூரும் மூன்று மடங்கும் வரப்போகின்றன என்றுதான் நினைத்தேன். வரவில்லை. அண்ணனைப் பார்த்தார். அவர் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துராணி பையைத் தரையில் வைத்தார். இடுப்பில் செருகியிருந்த ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு பம்ப்செட் அறைக்கு நடந்தார். சுவரோரம் நின்று, கையை உயர்த்தி, அது எட்டாமல் குதிகாலையும் தூக்கி, தன் தலைக்கு மேலே வெள்ளையைச் சுரண்டத் தொடங்கினார்.