மைக் அத்தையும் பச்சை மை அறிவிப்பும்

மைக் அத்தை இன்று காலை இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில்... முதலில் சுகர், அப்புறம் கிட்னி.

தோழி ஜெனிபர்தான் போன் செய்து சொன்னாள். "ஏப்ரல் ஃபூலா?" என்று கேட்டுவிட்டேன். இது ஆகஸ்ட். என் வாய் அப்படி.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். வேளாங்கண்ணி பஸ் ரூட்டில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிப்பவர் அவர். எனக்குச் சொந்த அத்தை இல்லை, ஊருக்கே அத்தை. அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. மைக்குக்குத்தான் அவர் தேவைப்பட்டார்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கல்யாண ஓலை வாசிப்பார். கூடவே பாலிடெக்னிக் ஃபாரத்துக்கு எது கடைசி நாள், யார் வீட்டில் முதியோர் பென்ஷன் நின்றுபோனது... எல்லாம் வரும். ஃபாதரின் பிரசங்கமே இதைவிடச் சின்னது.

முன்பு கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் இலவசப் புடவை கொடுப்பார்கள். அதை நிறுத்தச் சொன்னவரும் இவர்தான்.

"சாமி, புடவை பொங்கலுக்குள்ள நைஞ்சிருது. அதுக்குப் பதிலா கோயில் வேனுக்கு டீசல் போட்டுக் குடுங்க. வாராவாரம் திங்கக்கிழமை தாலுக்கா ஆபீஸ் போயிட்டு வரோம்."

ஃபாதர் சரி என்றார். அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்க எங்கள் அம்மா அத்தையிடம் பேசவில்லை. "போற வண்டியக் கட்டிக்கவா முடியும்?" என்று வீட்டில் பாத்திரத்தை உருட்டினார்.

தாலுக்கா ஆபீஸ் எதற்கு? பட்டாவுக்கு. எங்கள் வீட்டில் ஒரு ஆட்சி கொடுத்த டிவி இருக்கிறது, அடுத்த ஆட்சி கொடுத்த மிக்சி இருக்கிறது. இரண்டையும் வைத்திருக்கும் மனைதான் எங்கள் பேரில் இல்லை. தாத்தா காலத்தில் பண்ணை வேலைக்கு வந்தவர்களைக் குடிவைத்த இடம். பண்ணையாரின் பேரன் சென்னையில் இருந்தபடியே தெருவோடு சேர்த்து விற்றுவிட்டார். வாங்கியவரின் ஆட்கள் எங்கள் அடுப்படிக்குப் பின்னால் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள்.

கல் வந்த பிறகு அம்மாவும் வேனில் ஏறினார். ஆனால் திங்கட்கிழமை வேனில் எப்போதும் நாலைந்து பேர்தான். மற்றவர்களுக்கு நூறு நாள் வேலை, வயல் வேலை...

இப்போது என் கதை. அத்தை எந்தத் தாளைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவார் என்று கண்டுபிடித்தவள் நான். ஒரு முறை தாள்களுக்கு நடுவே இதைச் செருகினேன்: "பாடகர் குழு ஜெனிபரின் வலது செருப்பைக் காணவில்லை. இடது செருப்பு தனிமையில் வாடுகிறது." கோயிலே சிரித்தது. அத்தை சிரிக்காமல் கடைசி வரை வாசித்தார். கூடவே, "கண்டெடுத்தவர்கள் இடது செருப்பிடம் ஒப்படைக்கவும்" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஏப்ரல் ஒன்று திங்கட்கிழமையில் வந்தது. விடுவேனா? முந்தின நாள் ஞாயிறு பூசைக்கு எழுதி, அறிவிப்புத் தாள்களுக்கு நடுவே செருகினேன்: "நாளை காலை தாசில்தார் நேரில் மனைப்பட்டா வழங்குகிறார். குடும்பத்துடன் வரவும்." ஆபீசர் மாதிரி இருக்கட்டும் என்று பச்சை மையில்.

அத்தை வாசித்தார். நடுவில் ஒரு நொடி நிறுத்தினார். அப்புறம் வாசித்து முடித்தார்.

வெளியே போய் "ஏப்ரல் ஃபூல்" என்று ஒரு நாள் முன்கூட்டியே கத்துவதாகத் திட்டம். அதற்குள் எல்லோரும் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்... ரேஷன் கார்டு எடுக்க. அம்மா பெட்டிக்கு அடியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் வேன் மூன்று நடை அடித்தது. நானும் போனேன், தப்பி ஓட முடியாமல்.

ஆபீஸ் வராண்டா நிரம்பிவிட்டது. கிளார்க் எழுந்து வந்தார். "யாரும்மா உங்களை வரச்சொன்னது?"

அத்தை கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார்.

"யாரும் சொல்லல சார். நாங்களாத்தான் வந்தோம். வந்தது வந்துட்டோம்... ஆபீசர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோம்."

உட்கார்ந்தார்கள். மத்தியானம் மீட்டிங் முடிந்து வந்த தாசில்தாருக்கு ஜீப்பை விட்டு இறங்க இடமில்லை. "நாலு பேர் மனுதானே இருக்கு, இத்தனை வீடா?" என்று கேட்டு, சர்வேயரைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் எங்கள் தெருவில் சங்கிலி பிடித்து அளந்தார்கள்.

திரும்பும்போது வேனில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. அடுத்த மனு நீயே எழுதுடி. பச்சை வேணாம், நீலத்துல எழுது."

அவ்வளவுதான். அத்தை என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாராவது போட்டுக்கொடுப்பீர்கள், கொடுங்கள்.

எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும்போது அந்த ஒரு நொடி நிறுத்தினீர்களே அத்தை... அப்போதே தெரியுமா? தெரிந்தேதான் வாசித்தீர்களா? கேட்கலாம் கேட்கலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

மேல வரிசை வீடுகளுக்குப் பட்டா வந்துவிட்டது. எங்கள் வரிசைக்கு, இடம் வாங்கியவர் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார். வரும் திங்கள் விசாரணை. பட்டியலில் அம்மா பேர் மூன்றாவது. அத்தைதான் பேசுவதாக இருந்தது.

"இனிமே யாருடி பேசுவா?" என்று அம்மா இப்போதுதான் கேட்டார். மனுவின் ஜெராக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊர்க்காரர்களுக்கு அறிவிப்பு. அடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு. திங்கள் காலை எட்டு மணிக்குக் கோயில் வாசலிலிருந்து வேன் புறப்படும். ரேஷன் கார்டு எடுத்துக்கொண்டு எல்லோரும் வரவும்.

நான் எழுதியதுதான். ஆனால் உண்மை.

போயிட்டு வாங்க அத்தை.