பூமாலை கட்டிய கார்

அக்காவின் கல்யாணத்தன்று அவளை மண்டபத்துக்குக் கூட்டிப்போக மாமா தன் புதுக் காரைக் கொண்டுவந்தார். கோயிலில் பூசை வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கதவைச் சாத்தினால் உள்ளே சாமியறை மாதிரி அமைதி. சித்தப்பாவிடம் இருந்ததோ அவர் வயதை ஒத்த, பெரிய எஞ்சின் வைத்த பழைய மசில் கார். ஸ்டார்ட் பண்ணினால் நாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட் பகுதி முழுக்கக் கேட்கும், பெற்றோல் மணக்கும். எட்டு வயதில் எனக்கு அதுதான் பிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கல்யாணத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மாமா முதலே சொல்லிவிட்டார்.

புதுக் காரின் முன்பக்கத்தில் பெரிய பூமாலை. அக்காவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். பெரிய வீதியில் ஏறியதும் கார் கீக் கீக் என்று கத்தித் தானே பிரேக் போட்டது. முன்னால் ஒன்றுமில்லை. கொஞ்சம் ஓடும், திரும்பவும் நிற்கும்.

"என்ன அண்ணை, முகூர்த்தம் தப்பப்போகுது," என்றா அம்மா.

"கம்பியூட்டர் என்னவோ சொல்லுது. பொறு பிள்ளை."

முகூர்த்தம் தப்பினால் கல்யாணமே இல்லை என்று நினைத்து, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பின்னால் அந்த உறுமல் கேட்டது. சித்தப்பா எங்களைத் தொடர்ந்தே வந்திருக்கிறார். அக்காவையும் என்னையும் தன் காரில் ஏற்றினார். கல்யாணப் பொம்பிளை போகிற கார் பூவில்லாமல் போகக்கூடாதென்று மாமா மாலையைக் கழற்றிக்கொண்டு வந்தார். சித்தப்பா அதைக் கட்டாமல் என் மடியில் வைத்தார்.

"நீங்கள் பின்னால வாங்கோ மச்சான். உந்தப் பூவை முன்னால நிக்கிற ஆளெண்டு நினைச்சுத்தான் உங்கட கார் நிண்டது. இனி ஓடும்."

ஓடியது. நாங்கள் உறுமிக்கொண்டு முன்னால் போக, அது சத்தமில்லாமல் பின்னால் வந்தது.

மண்டபத்துக்கு ஒரு சந்தி முன்னால் சித்தப்பா நிறுத்தினார்.

"பிள்ளையள், இறங்கி மாமான்ர காரில ஏறுங்கோ."

"நல்லா ஓடுற காரை விட்டிட்டு ஏன் சித்தப்பா?"

"வாயைப் பொத்திக்கொண்டு இறங்கு."

வாசலில் எல்லோரும் மாமாவின் காரைத்தான் புகழ்ந்தார்கள். முருகன் புண்ணியத்தில் தாலி நேரத்துக்கு ஏறியது. சித்தப்பா காரை எங்கேயோ விட்டுவிட்டு நடந்து வந்தார். மாமா எழும்பிப்போய், தன் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

வென்ற காரை ஒளித்துவைத்த மனிசனோடு எனக்குச் சரியான கோபம். சாப்பிடக் கூப்பிட்டும் அவருக்குப் பக்கத்தில் போய் இருக்கவில்லை.