விரதமிருந்து கொடுத்த மாதிரி

விந்துப் பரிசோதனைக்குப் போகிறவன் எத்தனை நாள் மனைவியை விட்டு விலகியிருக்கிறானோ, அவ்வளவுக்கு முடிவு நன்றாக வரும் என்று நம்பியிருந்தேன். மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரனின் விஞ்ஞானம் அது. மாசித் தேருக்குக் காப்புக் கட்டி இருபத்தொரு நாள் விரதமிருந்தேன். காப்பை அவிழ்த்த மறுநாளே லேப்புக்குப் போனேன். சுத்தமான சரக்கு, தோற்க வழியே இல்லை.

அதற்கு முந்தைய ஒன்பது வருஷமும் என் மனைவிதான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் அவளுக்கு. நான் பஸ் நிலையம் வரைக்கும் குடை பிடித்தேன். கடைசியில் ஒரு டாக்டர், "வீட்டுக்காரரப் பாத்தாச்சா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் மாத்தளை லேப்பில் போய் விசாரித்து, அவர்கள் கொடுத்த துண்டைப் படிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

லேப்பில் துடைப்பங்கள் சாத்தியிருந்த சின்ன அறையொன்றைக் காட்டினார்கள். வேலையை முடித்துக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிய பெண் படிவத்தை எடுத்தாள்.

"எத்தன நாள் விலகியிருந்தீங்க, அண்ணே?"

"இருபத்தொரு நாளுங்க, தங்கச்சி. காப்புக் கட்டியிருந்தேன்."

பேனா நின்றது. "ரெண்டு நாளுக்குக் கொறையவும் கூடாது, ஏழு நாளுக்கு மேல போகவும் கூடாது. துண்டுல எழுதித்தானே குடுத்தோம்?"

"சாமிக்கு..."

"சாமிக்கு இருபத்தொண்ணு சரி. மைக்ராஸ்கோப்புக்கு ஏழுதான். எல்லாரும் ஒரே முறையில குடுத்தாத்தான் இங்க பாக்கிறதையும் கண்டியில பாக்கிறதையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்."

கெஞ்சியதால் பார்த்தார்கள். பெரும்பாலானவை அசையவில்லை. பட்டினி கிடந்து செத்த பக்தர்கள் என்று வீட்டில் விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

சில வாரம் கழித்து, சரியாக நாலு நாள் விலகியிருந்து மறுபடி கொடுத்தேன். அடுத்த மாதம் கண்டியிலும் அதே நாலு நாள் கணக்கு. இரண்டு இடமும் இரண்டு விதமாகச் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சண்டை பிடிக்கவாவது ஓர் இடம் கிடைக்குமே.

இரண்டும் ஒன்றாகவே வந்தன. விரதத்தோடு கொடுத்ததை விட எண்ணிக்கை குறைவு, அசைபவை இல்லையென்றே சொல்லலாம். கண்டி டாக்டர் இரண்டு தாள்களையும் என் மனைவி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அவளிடம் எந்தக் குறையும் இருந்ததில்லை. குறை என்னிடம்தான். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.