எட்டுப் பேர் பேச ஒரு மைக்

செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத வருடங்கள். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த பெண்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்ல வேண்டும். பேச்சைப் பதிவு செய்து அப்படியே எழுதித் தர வேண்டும். பேராசிரியை ஒரு கேசட் ரெக்கார்டரைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் எட்டுப் பெண்கள் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எட்டுப் பேரும் ஒரே இடத்தில் விழித்திருப்பார்கள். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு ரெக்கார்டரிலேயே இருந்த மைக்கை நம்பினேன். திரும்பிப் போய்ப் போட்டுக் கேட்டால், மின்விசிறியின் கடகட சத்தம், குக்கரின் நாலு விசில், அதற்கப்பால் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அடியில் உட்கார்ந்து பேசுவதுபோல எட்டுக் குரல்கள். ரெக்கார்டர் என் மடியில் இருந்ததால் என் கேள்விகள் மட்டும் கணீரென்று கேட்டன.

அடுத்த வாரம் மின்விசிறியை நிறுத்தினேன். மே மாதம். பத்து நிமிடத்தில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் எழுந்து நின்றாள். எட்டுப் பேரில் வாய் அவளுக்குத்தான் அதிகம்.

"யக்கா, கம்பெனில மெசினுக்கே ஏசி போட்டு வச்சிருக்காங்க. நீங்க எங்கள அவிச்சு எடுக்கியளே!"

மின்விசிறி மறுபடி சுழன்றது.

பிறகு கல்லூரியிலிருந்து ஒரு காலர் மைக் கொண்டுபோனேன். யார் துப்பட்டாவில் குத்தினேனோ அவள் அந்த நிமிடமே ஊமையானாள். பேசினாலும் மோவாயை நெஞ்சில் இடித்துக்கொண்டு மைக்கைப் பார்த்தே பேசினாள். கழற்றி அடுத்தவளுக்கு மாட்டுவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டிருக்கும். அந்தக் கேசட்டில் தெளிவாக விழுந்த ஒரே வாக்கியம், "ஆத்தீ, ஊக்கு குத்துது!"

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுபவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் விவரம் சொன்னேன். கையில் பிடிக்கும் கனமான மைக் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இத்த எட்த்துகினு போ மேடம். இதுல பேசுனா மண்டபமே அதிரும்."

"சத்தம் வெளியே வர வேணாங்க. கேசட்டுக்குள்ள போனாப் போதும்."

"உள்ள போறதுக்கும் இதான், வெளிய வர்றதுக்கும் இதான்" என்றார். நானும் நம்பி வாங்கிப்போனேன்.

அதைக் கையில் வாங்கியதும் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்றுகொண்டாள். "அனைவருக்கும் எனது அன்பான வணக்கம்" என்று ஆரம்பித்தாள். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். போன வாரம்தான் அந்தச் சாம்பாரை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தவள், "எங்கள் நிறுவனத்தில் உணவு மிகச் சிறப்பாக வழங்கப்படுகிறது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார்.

"இன்னாம்மா, வூட்ல மீட்டிங்கா? கட்சிக்காரங்க யார்னா வந்துகீறாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். சட்டென்று மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மோட்டார் காலையில் ஒரு தடவைதான் போட முடியும், குழாயைத் திறந்துவிட்டுவிட்டுத் தலை பின்னக்கூடாது என்று முழுசாக ஐந்து நிமிடம் பேசினார். அதுவரை நான் பதிவு செய்ததில் தங்குதடையில்லாத பேச்சு அதுதான்.

கடைசியில் பஸ் பிடித்துச் சென்னைக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். அதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்றைக் கடைக்காரர் கேட்டார்.

"எத்தினி பேரு?"

"எட்டு."

"ஒர்த்தர் பேசி முடிச்சப்புறம் இன்னொர்த்தரா?"

"இல்லைங்க. எட்டும் ஒரே நேரத்துல."

அவர் தட்டையாக, சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்தார். மீட்டிங் மேஜை நடுவில் வைக்கிற மைக்காம். "நாலு பக்கமும் கேக்கும். நடுவுல வெச்சிட்டு மறந்துடுங்க."

வெறுந்தரையில் வைத்ததும் கீழ்வீட்டு மாவரைக்கும் கிரைண்டர்தான் முதலில் கேட்டது. துண்டை நாலாக மடித்து அதன்மேல் வைத்தேன். கிரைண்டர் அடங்கியது. கால் மணி நேரத்தில் அவர்கள் அந்த டப்பாவை மறந்தே போனார்கள். நடுவில் வீட்டுக்காரம்மா காபி குடிக்கக் கூப்பிட்டார் என்று நான் கீழே போய்விட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மேஜையில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டேன். என் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவதுகூடக் கேட்டது. பிறகு ஒருத்தி என் குரலை அப்படியே எடுத்துப் பேசினாள்: "அந்தச் சமயத்துல உங்க உணர்வு எப்படி இருந்துச்சும்மா?" வெடிச்சிரிப்பு. இன்னொருத்தி, "ஏய், மிசின் ஓடுதுடி!" என்று பதறினாள். உடனே திருநெல்வேலிக்காரியின் குரல் மிக அருகில், மைக்குக்கு நேராகக் குனிந்து பேசியது.

"ஓடட்டும். யக்கா, கோவிச்சுக்கிடாதீய. நீங்களே கேள்வியக் கேக்கிய, நீங்களே பதிலுஞ் சொல்லுதிய. பொறவு நாங்க எதுக்கு?"

பழைய கேசட்டுகளை மறுபடி போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரிதான். "கஷ்டமா இருந்திருக்கும், இல்லையா?" என்று நான், "ம்" என்று அவர்கள். ஏரிக்கு அடியில் கேட்டதெல்லாம் பெரும்பாலும் "ம்"தான். மைக்குகளின் மேல் பழியைப் போட்டு ஒன்றரை மாதம் ஓட்டியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஒரு பை நிறைய முறுக்கு வாங்கிப்போய், வாய் திறக்கத் தோன்றும்போதெல்லாம் ஒன்றைக் கடித்துக்கொண்டேன். மூன்று முறுக்குகள் தீர்ந்தன. பிறகு அசெம்பிளி லைன், ஓவர்டைம், கழிப்பறைக்குப் போகக் கைதூக்குவது, ஊரில் பார்க்கும் மாப்பிள்ளை என்று கொட்டித் தீர்த்தார்கள். பேராசிரியை அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு, "அருமையா இருக்கு. ஆனா அந்த நொறுக் நொறுக் சத்தம் என்ன? எந்தக் குரல் யாரோடது?" என்றார்.

எந்தக் குரல் யாருடையது என்று எனக்கே தெரியாது. கேசட்டை எடுத்துக்கொண்டு மறுபடி பிள்ளைப்பாக்கம் போனேன். அவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். "இது நான் இல்ல, என் குரல் இம்புட்டுக் கீச்சுன்னா இருக்கு?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "சூப்பர்வைசரப் பத்தி இவ பாதிதான் சொல்லியிருக்கா, மீதிய நான் சொல்லுதேன்" என்று இன்னொருத்தி ஆரம்பித்தாள். இத்தனை வாரம் கேட்டும் கிடைக்காதவை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து விழுந்தன. என்னிடம் இருந்த ஒரே ரெக்கார்டர் பழைய கேசட்டை ஓட்டிக்கொண்டிருந்தது. நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.